கடல் மீன் தொட்டியில் கை வைத்தால் ஷாக் அடிக்குதா? இதைச் செக் பண்ணுங்க!

இன்சுலேஷன் போன மோட்டார் ஷாக் அடிக்கும் என்பது, மோட்டார் பம்புகளுக்குப் பேர்போன கோவை பீளமேட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டுக் கடல் மீன் தொட்டியிலும் அதே கதைதான்.

ஏன் ஷாக் அடிக்குது?

பம்ப், வேவ்மேக்கர், ஹீட்டர் எல்லாம் தண்ணீருக்குள்ளேயே ஓடுகின்றன. ஹீட்டர் கண்ணாடியில் கீறலோ, வயரில் வெடிப்போ இருந்தால் 230 வோல்ட் மின்சாரம் தண்ணீரில் இறங்கிவிடும். உப்புத் தண்ணீர் கரண்டை நன்றாகக் கடத்தும். மீன்கள் ஜாலியா நீந்துதே என்று நம்பாதீங்க. நீங்கள் தரையில் நின்று கை வைக்கும்போதுதான், கரண்ட் உங்கள் வழியாகத் தரைக்கு இறங்கும்.

கண்டுபிடிப்பது எப்படி?

* சுவிட்சை ஆஃப் செய்து, எல்லா பிளக்கையும் கழற்றிய பிறகே தொட்டியைத் தொடணும்.
* எலக்ட்ரீஷியனை அழைத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தண்ணீரிலும் இன்னொன்றை எர்த்திலும் வைக்கச் சொல்லுங்க.
* ஒவ்வொரு கருவியாக ஆன் செய்யணும். எதைப் போட்டதும் வோல்ட் சட்டென எகிறுதோ, அதுதான் வில்லன். டேப் சுற்றி ஓட்டாமல் அதை மாற்றிடுங்க.
* எல்லாக் கருவிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால், பெரும்பாலும் அது தூண்டல் மின்னழுத்தம்தான், லீக் அல்ல.

எம்சிபி போதாதா?

போதாது. அது ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டுக்குத்தான். ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்க. டிரிப் ஆகவில்லை என்றால், உடனே மாற்றுங்க!