ஏடு தேடும் பொறி

சுவடி ஆராயும் புலவர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவருடைய மேசையிலே 32 ஏடுகளுக்கே இடமுண்டு. ஏனையவை அடுத்த அறைப் பெட்டகத்தில் இருக்கின்றன. மேசையில் இல்லாத ஏடு தேவைப்படின், அவர் எழுந்து சென்று எடுத்துவரல் வேண்டும்; இடமில்லையெனின், ஓர் ஏட்டைத் திருப்பி வைத்தலும் வேண்டும்.

கணினியின் நிலையும் இதுவே. மேசை என்பது விரைவுமிக்க நினைவகம். பெட்டகம் என்பது மெதுவான சேமிப்பகம். வேண்டிய பக்கம் நினைவகத்தில் இல்லாதபோது வேலை தடைப்பட்டு நிற்பதையே ‘பக்கத் தவறு’ என்பர். பெயரளவிலேதான் இது தவறு. உண்மையில் இயல்பான நிகழ்ச்சியே. ஆயினும், தேவையின்றி நிகழும்போது பெருங்கேடாகின்றது.

இம்முறையை முதன்முதல் நடைமுறைப்படுத்திய பொறி, இங்கிலாந்தின் மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ரொம் கில்பேர்ன் குழுவினர் உருவாக்கி, 1962 டிசம்பரில் தொடக்கிவைக்கப்பட்ட ‘அற்லஸ்’ ஆகும். அதன் பக்கம் ஒன்று 512 சொற்களைக் கொண்டது. நினைவகம் 32 பக்கங்களைத் தாங்கியது. நினைவகத்தை அணுக 2 மைக்ரோசெக்கன் போதும். சுழலும் காந்த உருளையை அணுகவோ சராசரியாக 6 மில்லிசெக்கன் ஆகும். அஃதாவது, 3,000 மடங்கு.

அத்தகைய பொறியில் 128 வரிகளும், வரிக்கு 512 எண்களும் கொண்ட அட்டவணை ஒன்றைக் கூட்டுவதாகக் கொள்வோம். ஒரு வரி ஒரு பக்கத்தில் அடங்கும். வரிவரியாகக் கூட்டினால் 128 முறை பக்கம் கொணர்ந்தால் போதும். காத்திருப்பு ஒரு செக்கனுக்கும் குறைவு. மேலிருந்து கீழாக நிரல்நிரலாகக் கூட்டினாலோ, ஒவ்வோர் எண்ணுக்கும் வேறு பக்கம் வேண்டும். முதலில் வந்ததை முதலில் அகற்றும் எளிய விதி அங்கு நிலவுமாயின், 65,536 முறை பக்கம் கொணர நேரும். காத்திருப்பு ஆறரை நிமிடம்! விடை ஒன்றே, வேலையின் ஒழுங்கே வேறு.

அடுத்த வினா, எந்தப் பக்கத்தை அகற்றுவது என்பது. மிகத் தொலைவான காலத்திலேயே மீண்டும் தேவைப்படும் பக்கத்தை அகற்றுவதே மிகச் சிறந்தது என 1966இல் பெலடி என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். ஆனால் எதிர்காலத்தை யார் அறிவார்? ஆதலின் அண்மையில் பயன்பட்டதை வைத்துக்கொண்டு, நெடுநாள் தொடாததை அகற்றுகின்றனர்.

மூன்றாவது காரணம், அளவுக்கு மிஞ்சிய வேலைகளை ஒருங்கே ஏற்பது. ஒன்றின் பக்கத்தை மற்றொன்று வெளியே தள்ள, பொறி ஓயாது ஓடியும் பயன் ஏதும் விளையாது. ஒவ்வொரு வேலைக்கும் அந்நேரத்தில் இன்றியமையாத பக்கத் தொகுதி இடம்பெறுமளவுக்கே வேலைகளை ஏற்க வேண்டும் என 1968இல் பீற்றர் டெனிங் விளக்கினார்.

இன்று காந்த உருளை மறைந்துவிட்டது. நினைவகமோ பன்மடங்கு பெருகிவிட்டது. ஆயினும் மேசைக்கும் பெட்டகத்துக்கும் இடையிலுள்ள தூரம் மறையவில்லை. ஆதலால், கணினி மந்தமாயிற்று என்று கண்டவுடன் புதியதொன்றை வாங்க விரையாமல், வேண்டாத வேலைகளை முதலில் மூடிப் பாருங்கள். நிரல் எழுதுவோர், அருகருகே இருப்பவற்றை அடுத்தடுத்துப் பயன்படுத்தப் பழகுவாராக. பொறியின் விரைவு, அதனை ஆள்வோரின் ஒழுங்கிலும் தங்கியிருக்கின்றது.