உடைந்தும் விழாத கண்ணாடி

கூடுவாஞ்சேரி பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் டிப்பர் லாரிக்குப் பின்னால் கார் ஓட்டியவர்களுக்கு அந்த 'டக்' சத்தம் பழக்கமாகியிருக்கும். போன கோடையில் என் காருக்கும் அது வாய்த்தது. டயர் கிளப்பிய ஜல்லி பட்டு முன்கண்ணாடியில் மிளகளவு ஒரு பொட்டு. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மதியம், வெயிலில் காய்ந்துகொண்டிருந்த காரில் ஏறி ஏ.சி.யைப் போட்டதும், பொட்டிலிருந்து ஒரு கோடு கிளம்பிக் கண்ணெதிரே ஒரு சாண் ஓடி நின்றது. பொட்டாக இருந்தபோதே போயிருந்தால் ரெசின் ஏற்றி அடைத்திருப்பார்கள். சோம்பலுக்கு விலை, முழுக் கண்ணாடி.

கடையில் கழற்றிய கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்த மெக்கானிக், "தடவிப் பாருங்க சார்" என்றார். வெளிப்பக்கம் கோடு நகத்தில் இடறியது. உட்பக்கம் வழவழவென்று இருந்தது. "இது ரெண்டு கண்ணாடி. மேல இருக்கிறதுதான் போயிருக்கு."

அவர் சொன்னது சரி. சுமார் 2 மி.மீ. கண்ணாடிகள் இரண்டு; நடுவில் பி.வி.பி. எனப்படும் பாலிவினைல் பியூட்டிரால் தாள், பெரும்பாலும் 0.76 மி.மீ. அடி பட்டால் கண்ணாடி விரிசல் விடும். தாளோ ரப்பர்போல் இழுபட்டுச் சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும். மோதும் தலை வெளியே போகாமலும் தடுக்கும்.

இந்த உத்தி தற்செயலாகப் பிறந்தது. 1903-இல் பிரான்சில் எதுவார் பெனெடிக்டஸ் என்ற வேதியியலாளர் கைதவறிப் போட்ட குடுவை நொறுங்கியும் சிதறாமல் கிடந்ததாம். உள்ளே காய்ந்துபோயிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம்தான் காரணம். 1909-இல் காப்புரிமை பெற்றார். ஆனால், செல்லுலோஸ் படலம் வெயிலில் மஞ்சளாகிவிடும். சித்திரை வெயிலுக்கு அது எத்தனை நாள் தாங்கியிருக்கும்? 1930-களில் பி.வி.பி. வந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

முன்கண்ணாடிக்கான மூலக் கண்ணாடி வெகு தூரத்திலிருந்து வர வேண்டியதில்லை. ஒரகடத்தைத் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூரில், செயின்ட் கோபைன் நிறுவனத்தின் ஆலை 2000-ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. மணலை உருக்கி, உருகிய வெள்ளீயத்தின்மேல் எண்ணெய்போல் மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் முறை அது.

அப்படி வரும் கண்ணாடியை முன்கண்ணாடியின் வடிவத்துக்கு வெட்டி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சில் வைத்து 600 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறார்கள். தன் எடையாலேயே தொய்ந்து இரண்டும் ஒரே வளைவுக்கு வரும். தனித்தனியே வளைத்தால் மயிரிழை பிசகினாலும் ஒட்டாது. அடுத்து, தூசி புகாத அறையில் நடுவே தாளை வைக்கிறார்கள். பி.வி.பி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; நம்மூர் ஐப்பசிக் காற்றில் வைத்து ஒட்டினால் பிடிப்பும் போகும், குமிழும் வரும். அதனால் அறையின் ஈரப்பதம் எப்போதும் கட்டுப்பாட்டில் இருக்கும்.

இந்த நிலையில் அது மங்கலாக, பால் கலந்ததுபோல்தான் இருக்கும். இடையிலுள்ள காற்றை உறிஞ்சிவிட்டு 'ஆட்டோகிளேவ்' என்ற ராட்சத பிரஷர் குக்கரில் ஏற்றுவார்கள். 130 முதல் 140 டிகிரி சூடு, காற்றழுத்தத்தைப்போல் சுமார் 12 மடங்கு அழுத்தம். மிச்சக் காற்றும் தாளுக்குள் கரைந்துவிட, வெளியே வரும்போது பளிங்காக இருக்கிறது. பிறகு மாதிரித் துண்டுகளைக் கொதிநீரில் இரண்டு மணி நேரம் போட்டுக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

காரின் பக்கக் கண்ணாடி பொதுவாக வேறு ரகம்: 'டஃபன் கிளாஸ்'. சூடாக்கிச் சட்டென்று காற்றடித்துக் குளிர்விப்பதால் நான்கைந்து மடங்கு வலு. ஆனால், உடைந்தால் மொத்தமும் கற்கண்டுபோல் உதிர்ந்துவிடும். உள்ளே சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துகள் ஒன்று போதும், யாரும் தொடாமலே என்றோ ஒருநாள் வெடிக்க. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆவது விதி முன்பக்கத்துக்கு, தாள் வைத்து ஒட்டிய லேமினேட் கண்ணாடியைக் கேட்பது டஃபன் இப்படி உதிர்ந்துவிடுவதால்தான்.

காரில் மட்டுமல்ல, கட்டடங்களிலும் கண்ணாடியால் கவலை உண்டு. 2013-இல் திறக்கப்பட்ட சென்னை விமான நிலையப் புதிய முனையங்களில் கண்ணாடிப் பலகைகள் பலமுறை விழுந்து செய்தியானதை இந்தப் பக்கத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2024 டிசம்பர் 30-இல் கன்னியாகுமரியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம்போல, மனிதர் நிற்கும் இடத்தில் அடுக்குக் கண்ணாடியைத்தான் நம்ப முடியும்.

எனக்குக் கவலை, ஊரப்பாக்கத்திலிருந்து மறைமலைநகர் வரை எழும்பும் அடுக்குமாடிகளின் பால்கனிகளைப் பற்றித்தான். "டஃபன் சார், யானை இடிச்சாலும் அசையாது" என்பார்கள். யானை வேண்டாம், மூலையில் ஒரு சுத்தியல் தட்டு போதும். டஃபனை லேமினேட் செய்ததுதான் வேண்டும் என்று கேளுங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள். பொருத்தும் முன் பலகையின் ஓரத்தைப் பாருங்கள்: இரு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய கோடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இறக்க விடாதீர்கள்.