நாலு டிக்கெட் எடுக்கும் குடும்பம்

வருடக் கடைசியில் பத்துப் படங்களைப் பொறுக்கிப் பட்டியல் போடுவது விமர்சகர்களுக்கு ஒரு சடங்கு. கொல்கத்தாவில் 2024-க்கு அந்தப் பட்டியல் போட யாரும் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. ஒரு தனியாள்மேல் மேகம் ஒன்று காதல்கொள்ளும் கறுப்பு வெள்ளைப் படம் ‘மாணிக்பாபுர் மேக்’. இயக்குநர் மிருணாள் சென்னைப் பற்றி அஞ்சன் தத் எடுத்த ‘சால்சித்ர ஏகோன்’. அதே மிருணாள் சென்னைப் பற்றி ஸ்ரீஜித் முகர்ஜி எடுத்த ‘பதாதிக்’. துர்கா பூஜைக்கு வந்து வசூலை அள்ளிய ‘பஹுரூபி’, டிசம்பரில் தேவ் நடித்து வந்த ‘காதான்’. மேடை என்று எடுத்தால், டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, நியூ டவுன் அக்வாட்டிகாவில் பிரையன் ஆடம்ஸ். அப்போது பாடகருக்கு 65 வயது. அவர் பாட்டைக் கேஸட்டில் கேட்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். அப்பாவும் பிள்ளையும் ஒரே பாட்டுக்குச் சேர்ந்து கத்துவதற்கு இதைவிடத் தோதான ராக் கச்சேரி அமையாது. இவற்றில் எது உசத்தி என்ற சண்டை ஒருபுறம் இருக்கட்டும். ஒரு குடும்பம் நாலு டிக்கெட் எடுத்து, சேர்ந்து போய், உட்கார்ந்து பார்த்து, அதே இரவு சேர்ந்து வீடு திரும்பும்படியாக இவற்றில் எத்தனை இருந்தன? அப்பாவின் ரசனையும் பிள்ளையின் ரசனையும் ஒத்துப்போகவில்லை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் குடும்பத்தைப் பிரித்து வைப்பது அரங்கம் எங்கே இருக்கிறது, அதில் நாற்காலி உண்டா, திரும்பி வர வண்டி உண்டா என்பதுதான்.

ராக் என்றாலே வீட்டை எதிர்த்துக் கிளம்பிய இசைதானே, அதற்குக் குடும்பத்தோடு போவது என்ன பேச்சு என்று ஒருவர் கேட்கலாம். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அது பொருந்தலாம். கொல்கத்தாவின் வரலாறு வேறு. வங்க மொழி ராக்கின் தொடக்கம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ‘மொஹினேர் கோராகுலி’ 1970களின் நடுவில் ஒரு வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. கௌதம் சட்டோபாத்யாய், அவருடைய தம்பிகள் பிரதீப், விஸ்வநாத், உறவுக்காரர் ரஞ்சன் கோஷால் என்று பாதிக் குழு ஒரே குடும்பம், மீதி நண்பர்கள். ஜீவனானந்த தாஸின் ஒரு கவிதையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு, கிடாரோடு வங்க நாட்டுப்புறப் பாவுல் இசையையும் கலந்து பாடினார்கள். 1977 தொடங்கி ஆண்டுக்கு ஒன்றாக மூன்று இசைத்தட்டுகள் வந்தன. அன்று அவற்றை வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். கௌதம் பிறகு சினிமாவுக்குப் போனார். அவர் இயக்கிய ‘நாக்மோதி’ தேசிய விருது பெற்றது. 1995 கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் பழைய பாடல்களும் புதியவையும் ஒரு தொகுப்பாக வந்தபோதுதான், அந்த இசைத்தட்டுகள் வந்த காலத்தில் பிறந்திருக்காத பிள்ளைகள்கூட அவற்றை மனப்பாடமாகப் பாடத் தொடங்கினார்கள். 1999-இல் கௌதம் மறைந்தார். அவர் மகன் கௌரவ் ‘லொக்கிசாரா’ குழுவின் டிரம்ஸ் கலைஞர். அஞ்சன் தத் கதையும் ஏறக்குறைய இதே வழிதான்: 1981-இல் மிருணாள் சென்னின் ‘சால்சித்ர’ படத்தில் அறிமுக நடிகர், பிறகு பாடகர், பிறகு இயக்குநர், அவர் படங்களுக்கு இசை மகன் நீல் தத். ராக் பாடகன் ஒருவனைப் பற்றி அவர் எடுத்த ‘ரஞ்ஜனா ஆமி ஆர் ஆஷ்போனா’ 2011-இல் வந்தது. நகரத்து ராக் மேடையில் கிடார் வாசிக்கும் அமித் தத்தாவே அதில் நடித்திருக்கிறார். சினிமாவும் ராக்கும் வீடும் இந்த ஊரில் மூன்று தனித் துறைகளாக இருந்ததே இல்லை.

பார்க் ஸ்ட்ரீட்டுக்கு வந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். 1969-இல் அங்கே டிரிங்காஸ் உணவகத்தின் மேடையில் ஏறியவர் உஷா ஐயர். நாம் உஷா உதுப் என்று அறிந்தவர். சென்னையில் ஓர் இரவு விடுதியில் பாடத் தொடங்கிய தமிழ்ப் பெண். பட்டுப் புடவை, பெரிய பொட்டு, தலையில் பூ, தொண்டையில் ஜாஸ். இரவு விடுதிப் பாடகி என்றால் ஊர் மனதில் வைத்திருந்த உருவத்தை அந்தப் புடவை ஒரே நாளில் கலைத்துப்போட்டது. மாமியாரோடும் மாமனாரோடும் வந்து மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே மேற்கத்திய இசை கேட்கலாம் என்ற தைரியத்தைப் பல வீடுகளுக்கு அது கொடுத்திருக்கும். மேஜை, நாற்காலி, சாப்பாடு, நேரத்தோடு முடியும் நிகழ்ச்சி: வேறு மாயம் எதுவும் தேவைப்படவில்லை. 1994-இலிருந்து அதே தெருவில் ராக் குழுக்களை வளர்த்தெடுத்த ‘சம்பிளேஸ் எல்ஸ்’ நல்ல இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது பப். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?

சினிமா விஷயத்தில் கொல்கத்தா செய்து வைத்திருந்த ஏற்பாடு அழகானது. அதைப் பற்றி இங்கே நம்மவர்கள் அதிகம் எழுதியதில்லை. ஒரு வங்காளப் படம் வெளியாகிறது என்றால் மூன்று தியேட்டர் கொண்ட ஒரு சங்கிலியில் வெளியாகும். மினார், பிஜோலி, சபிகர் ஒரு சங்கிலி. உத்தரா, பூரபி, உஜ்ஜலா இன்னொன்று. வடக்கே ஹாத்திபாகானில் ஒன்று, சியால்தா பக்கம் ஒன்று, தெற்கே பவானிபூர், காளிகாட் பக்கம் ஒன்று என்று மூன்றும் நகரத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் டிராம் தூரத்தில் ஒரு திரை. பாட்டியையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு மாலைக் காட்சிக்குப் போய்விட்டு, இரவு சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். இன்று அந்த வரிசையில் பெரும்பாலானவை இல்லை. ‘எலீட்’ 2018-இல் மூடியது. ‘சித்ரா’ என்ற பெயரில் பிறந்து எண்பது ஆண்டுகளுக்குமேல் ஓடிய ஹாத்திபாகான் ‘மித்ரா’ 2019-இல் மூடியது. லைட்ஹவுஸ் கடைகளாகிவிட்டது. உஜ்ஜலாவில் படம் பார்க்க வந்தவர்கள் வாங்கிக் கொறித்த சனாச்சூர் கடை, தியேட்டர் போன பிறகும் அதே பெயரில் கொடிகட்டிப் பறக்கிறது. தியேட்டர் இருந்ததே தெரியாத பிள்ளைகள் உஜ்ஜலா என்றால் மிக்சர் என்று நினைக்கிறார்கள். மல்டிபிளெக்ஸ் வசதியானது, சுத்தமானது, கழிவறைக்குள் மூக்கைப் பிடிக்காமல் போகலாம் என்பார்கள். சரிதான். அதற்கு நாலு டிக்கெட்டும் பாப்கார்னும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு, குடும்பத்தில் இரண்டு பேர் மட்டும் போய் வருகிறார்கள் என்பதும் சரிதான்.

இசைக்கும் அந்த நகரத்திடம் ஒரு சொந்த முறை இருந்தது. டோவர் லேன் இசை மாநாடு 1952-இல் தொடங்கியது. ஜனவரிக் குளிரில் விடிய விடிய நடக்கும். நம் மார்கழி சபாக்களில் வழக்கமாக ஒன்பதரைக்கே எழுந்து போகிறவர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஆச்சரியம். சால்வை, குரங்குக் குல்லா, பிளாஸ்கில் தேநீர் என்று வந்து, நடு ராத்திரியில் நாற்காலியிலேயே கொஞ்சம் கண்ணயர்ந்து, சரோட் தொடங்கும்போது விழித்துக்கொள்ளும் குடும்பங்கள். விடியற்காலை முடிவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: வெளியே வந்தால் முதல் பஸ் ஓடத் தொடங்கியிருக்கும். குளிர்காலத்தில் பேட்டை கிளப்புகள் நடத்தும் ஜல்சாவும் அப்படித்தான். தெருமுனை மைதானத்தில் பந்தல், வாடகை நாற்காலி, முதலில் உள்ளூர்ப் பெண் பாடும் ரவீந்திர சங்கீதம், கடைசியில் ராக் குழு. 1998-இல் தொடங்கிய ‘ஃபாசில்ஸ்’ போன்ற குழுக்கள் புறநகரிலும் மாவட்டங்களிலும் செல்வாக்குப் பெற்றது இத்தகைய மேடைகளிலும் கல்லூரி விழாக்களிலும்தான். அதன் பாடகர் ரூபம் இஸ்லாம் சினிமாப் பாட்டுக்குத் தேசிய விருதும் வாங்கினார். சத்தம் தாங்காத தாத்தா பாதியில் எழுந்து வீட்டுக்கு நடந்துவிடலாம், வீடு அடுத்த சந்தில் இருப்பதால்.

பழைய காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று யாரும் சாதிக்க முடியாது. 1969 ஏப்ரலில் ரவீந்திர சரோவர் ஸ்டேடியத்தில் நடந்த ஒரு திரை நட்சத்திர இரவு கலவரத்தில் முடிந்து, விசாரணைக் கமிஷன் வரை போனது. அதே சரோவரின் கரையில் இருக்கும் நஸ்ருல் மஞ்சாவில்தான் 2022 மே 31 அன்று பாடகர் கேகே கடைசியாகப் பாடினார். மூடிய அரங்கம், கல்லூரி விழாக் கூட்டம், புழுக்கம். நிகழ்ச்சி முடிந்து விடுதிக்குத் திரும்பியவர் அன்றிரவே மாரடைப்பில் இறந்தார். ‘காதல் தேசம்’ படத்தில் ‘கல்லூரிச் சாலை’யைப் பாடியவர் என்பதால் நமக்கும் அவர் வீட்டுப் பிள்ளைதான். சென்னையில் 2023 செப்டம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நடந்த பெரிய கச்சேரியில் டிக்கெட் வைத்திருந்தும் உள்ளே போக முடியாமல் நெரிசலில் பெற்றோரும் பிள்ளைகளும் பிரிந்து தவித்ததை நம் வாசகர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சம்பவங்களிலிருந்து பலர் எடுக்கும் முடிவு, கூட்டத்துக்குக் குடும்பத்தோடு போகாதே என்பது. எனக்குப் படுவது நேர்மாறு. குடும்பம் வரும் என்று எதிர்பார்த்துத் திட்டமிட்ட இடத்தில் எண்ணி நாற்காலி போடுவார்கள்; நாற்காலியை எண்ணிவிட்டால் டிக்கெட்டையும் எண்ணியாக வேண்டும். நிற்கும் கூட்டத்துக்கு எண்ணிக்கை கிடையாது. இன்னும் ஐம்பது பேர் எப்போதும் நுழையலாம்.

இப்போது பெரிய கச்சேரிகள் அக்வாட்டிகா போன்ற இடங்களுக்கு நகர்ந்துவிட்டன. அது நீர் விளையாட்டுப் பூங்கா. நகரத்தின் கிழக்கு விளிம்பு. மேடைக்கு அருகே நிற்பவர்களுக்கு ஒரு விலை, பின்னால் நிற்பவர்களுக்கு ஒரு விலை. உட்கார வேண்டுமென்றால் அது பெரும்பாலும் தனி வகுப்பு, தனிப் பணம். மூட்டு வலிக்கும் அம்மா மூன்று மணி நேரம் புல்தரையில் நிற்பாரா? அதைவிடப் பெரிய சிக்கல் திரும்பி வருவது. 2024 மே மாதம் கொல்கத்தா மெட்ரோவில் இரவு 11 மணிக்கு ஒரு சிறப்பு ரயில் தொடங்கியது; ஜூனில் 10.40-க்கு முன்னகர்ந்தது, டிசம்பரில் அதற்கு 10 ரூபாய் கூடுதல் கட்டணம் வந்தது. எல்லாம் வார நாட்களில்தான், அதுவும் பழைய வடக்கு தெற்குப் பாதையில்தான். பிரையன் ஆடம்ஸ் பாடியதோ ஞாயிற்றுக்கிழமை. நியூ டவுனுக்கு அன்று மெட்ரோவே கிடையாது. கடைசிப் பாட்டு முடிந்ததும் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் வாடகைக் காருக்குச் செல்பேசியைத் தட்டினால் கட்டணம் எங்கே போய் நிற்கும் என்பதை ஒரு தடவை அனுபவப்பட்டவர்கள் மறுதடவை பிள்ளையை மட்டும் நண்பர்களோடு அனுப்பிவிடுகிறார்கள்.

வீட்டிலேயே பெரிய டிவி இருக்கிறது, ஓடிடி இருக்கிறது, குடும்பத்தோடு பார்க்க அதைவிடச் சௌகரியம் உண்டா என்பது அடிக்கடி எழும் ஆட்சேபணை. ‘சால்சித்ர ஏகோன்’ அரங்கிலும் ஓடிடியிலும் சேர்ந்தே வெளியான படம், ஆகவே நல்ல சோதனை. ஒரு இளம் நடிகனுக்கும் அவனை உருவாக்கிய இயக்குநருக்கும் இடையிலான உறவைப் பற்றிய படத்தைப் பெரியவர்கள் கூடத்தில் போட்டால், பிள்ளை பத்தாவது நிமிடத்தில் தன் அறைக்குப் போய்த் தன் செல்பேசியில் வேறு ஒன்றைப் போட்டுக்கொள்ள முடியும். அரங்கில் அது முடியாது. பிடிக்காவிட்டாலும் கூட உட்கார்ந்தாக வேண்டும், வெளியே வந்து பிடிக்கவில்லை என்று சண்டை போட்டாக வேண்டும். அந்தச் சண்டைதான் நமக்கு வேண்டும். மாறாக ‘பஹுரூபி’யைப் பாருங்கள்: வங்கிக் கொள்ளைக்காரனும் போலீஸ்காரரும் துரத்திப் பிடிக்கும் கதை, பூஜை விடுமுறை, கையில் போனஸ், ஊரே தெருவில் இருக்கும் வாரம். குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ஆகஸ்டில் பெண் மருத்துவர் ஒருவருக்கு நடந்த கொடுமைக்காக அந்த ஊர் மாதக் கணக்கில் வீதியில் இறங்கிப் போராடிக்கொண்டிருந்த ஆண்டு அது, பூஜைக் கொண்டாட்டமே வேண்டுமா என்ற விவாதம்கூட நடந்தது. அப்படியும் அரங்குகள் நிறைந்தன. விடுமுறையும் பக்கத்துத் திரையும் சேர்ந்தால் மக்கள் வருகிறார்கள்.

ஆகவே புதுக் கலாசாரக் கொள்கை எதுவும் தேவையில்லை. இருக்கிற கட்டடத்தைப் பயன்படுத்தினால் போதும். 1955-இல் ‘பதேர் பாஞ்சாலி’ வெளியான பசுஸ்ரீ இன்னும் ஹாஜ்ரா முனையில் நிற்கிறது. அதே பசுஸ்ரீயில்தான் வங்கப் புத்தாண்டு தோறும் சினிமா நட்சத்திரங்களும் பாடகர்களும் மேடையேறும் ஜல்சா நடந்து வந்தது. திரைக்கு முன்னால் மேடை போட்டுப் பாடுவது அந்த அரங்குக்குப் புதிதில்லை. ப்ரியா இருக்கிறது, நவீனா இருக்கிறது. ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு வங்காளப் படம், ஆறு மணிக்கு அதே நாற்காலிகளில் ஒரு ராக் குழு, எட்டரைக்கு முடிவு, வெளியே வந்தால் மெட்ரோ. ஒலி அமைப்புக்குச் செலவாகும், ஒரு நிகழ்ச்சியில் போட்ட பணம் வராது, விளம்பரதாரர்கள் சில ஆயிரம் பேர் நிற்கும் மைதானத்தைத்தான் கேட்பார்கள். முதல் குளிர்காலத்தில் நஷ்டம் வரும் என்று தெரிந்தே இறங்குகிற அரங்கு உரிமையாளர் ஒருவர் கிடைக்க வேண்டும். குழுக்கள் ஊரிலேயே தயாராக இருக்கின்றன.