மருத்துவ முடிவெடுப்புத் துணைச் சேவைகளும் மருத்துவமனைத் தகவல் அமைப்பின் தகுதிகளும்

மருத்துவரை எச்சரிக்கும் கணினி விதிகளை மருத்துவமனைகள் தம்முள் பகிர்ந்துகொள்ளும் நோக்கில் 1992இல் ஆர்டன் சிண்டாக்ஸ் தரமுறையாக வெளிவந்தது. விதி பொதுவாயினும், நோயாளியின் தரவைத் தேடும் கட்டளை இடத்திற்கு இடம் வேறுபட்டது. அதனை நெளிவு அடைப்புக்குறிக்குள் எழுதினர். விதி இடம்பெயரும்போதெல்லாம் அப்பகுதியைத் திருத்த வேண்டியிருந்தது. துறையினர் இதனை ‘நெளிவு அடைப்புக்குறிச் சிக்கல்’ என்றே வழங்குவர்.

விதியை வெளியில் ஒரு சேவையாக நிறுத்தும் சிடிஎஸ் ஹூக்ஸ் போன்ற முறைகள் இச்சிக்கலை அகற்றிவிடவில்லை. அதன் சுமையைத் தகவல் அமைப்பின்மேல் ஏற்றியுள்ளன என்பதே பொருந்தும். சிறுநீரகச் செயல்பாடு மிகக் குறைந்தவருக்கு மெட்ஃபார்மினை விலக்கும் சேவையைச் சான்றாகக் கொள்ளலாம். கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பதும், லிட்டருக்கு 88.4 மைக்ரோமோல் என்பதும் ஒரே அளவே. அலகின்றி 88.4 என்னும் எண் மட்டும் சென்றால், நலமான சிறுநீரகம் செயலிழந்ததாகக் கணிக்கப்படலாம். எனவே லாயின்க் குறியீடு, அலகு, சோதனை நாள் ஆகியவற்றுடன் தரவை எஃப்எச்ஐஆர் வடிவில் அளிக்கும் திறன் அமைப்புக்கு வேண்டும்.

மருத்துவர் மருந்தாணையில் ஒப்பமிட முனையும் கணத்திலேயே அமைப்பு சேவையை அழைத்தலும் இன்றியமையாதது. மறுமொழி தாமதித்தால் பணி தடைப்படலாகாது. ‘எச்சரிக்கை இல்லை’ என்பதும் ‘சேவை கிடைக்கவில்லை’ என்பதும் திரையில் வேறுபட்டுத் தோன்றவும் வேண்டும். அன்றேல், வெற்றுத் திரையைக் காணும் மருத்துவர் மருந்து பொருத்தமானதென்றே கொள்ள நேரும்.