ஃபீஸுக்கு வழி இருக்கு... சாப்பாட்டுக்கு?

ப்ளஸ் டூ ரிசல்ட் வருகிற அன்று தெருவெல்லாம் மிட்டாய். காலேஜில் பணம் கட்டச் சொல்லித் தகவல் வருகிற அன்று அப்பா முகத்தில் கவலை. அம்மா கழுத்தில் செயின் இருக்கிற கடைசி நாளும் அநேகமாக அதுதான்!

"அதான் கவர்ன்மென்ட் அள்ளிக் கொடுக்குதே, அப்புறம் என்னவாம்?" என்று ஆபீஸ் கேன்டீனில் டீ உறிஞ்சியபடி கேட்கிற ஆசாமிகள் உண்டு. கொடுக்கிறார்கள்தான். ஆனால் காலேஜ் பணம் கேட்பது சேருகிற அன்றைக்கு. உதவித்தொகை பேங்க் கணக்கில் விழுவதோ சில மாதம் கழித்து. நடுவில் இருக்கிற அந்தப் பள்ளத்தில்தான் ஏழைப் பிள்ளைகள் விழுகிறார்கள். முதல் செமஸ்டரில் கிளாஸில் உட்கார்ந்திருந்த பையன், அடுத்த செமஸ்டரில் ஜவுளிக்கடையில் துணி மடித்துக் கொண்டிருப்பான்.

உங்கள் தம்பியோ, அக்கா மகனோ, தெருமுனை இஸ்திரிக்காரர் பையனோ காலேஜ் படியேறப் போகிறானா? அப்படியானால் இது உங்களுக்கு.

முதலில் சர்டிபிகேட்!

வருமானம், சாதி, முதல் பட்டதாரி - இந்தச் சான்றிதழ்களுக்கு ரிசல்ட் வரும் முன்பே இ-சேவை மையத்தில் மனு போட்டு விட வேண்டும். ரிசல்ட்டுக்கு மறுநாள் போனால் ஊரே அங்கேதான் நிற்கும். போன வருஷத்து வருமானச் சான்றைக் கொண்டுபோய் நீட்டினால், "புதுசு வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி விடுவார்கள்.

முதல் பட்டதாரிச் சலுகை தமிழகத்தில் 2010-ல் வந்தது. கவுன்சிலிங் மூலம் இன்ஜினீயரிங், மெடிக்கல் போன்ற தொழிற்கல்வியில் சேருகிறவர்களுக்கு டியூஷன் ஃபீஸில் சலுகை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. அண்ணன் ஏற்கெனவே டிகிரி வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. 'முதல்' என்றால் முதல்தான்!

ஆறு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவிகித ஒதுக்கீடு. மெடிக்கலுக்கு 2020-ல் வந்தது. 2021-ல் இன்ஜினீயரிங் உள்ளிட்ட படிப்புகளுக்கும். அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் டியூஷன், ஹாஸ்டல் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். இந்த விவரம் தெரியாமலே ஜாதகத்தோடு கந்துவட்டிக்காரர் வீட்டுக்கு ஓடுகிற அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப். பெற்றோர் வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

மாதம் 1,000 ரூபாய் உதவி, பெண்களுக்கு 'புதுமைப் பெண்' என்ற பெயரில் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' என்று 2024 ஆகஸ்டில். இதற்கு மனு காலேஜ் மூலமாகப் போகிறது. பேங்க் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கவில்லை என்றால் பணம் வராது. ஏன் வரவில்லை என்றும் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

வயிறு என்று ஒன்று இருக்கிறதே!

ஃபீஸ் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லைப்ரரியில் போய் உட்கார்ந்து கொள்கிற பையனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 'ரொம்பப் படிப்பாளி' என்று வாத்தியார் நினைத்துக் கொள்வார்!

சென்னையில் அம்மா உணவகம் 2013-ல் தொடங்கியது. அப்போது வைத்த விலைப்படி கணக்குப் போடுங்கள். காலையில் ஐந்து இட்லி, 5 ரூபாய். மத்தியானம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. ராத்திரி நாலு சப்பாத்தி 6. ஆக, நாளைக்கு 19; மாதத்துக்கு 570. நாக்கு சலித்துப் போகும். ஆனால் வயிறு பாடத்தைக் கவனிக்க விடும்.

அரசு கலைக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக் மாணவர்களுக்கு பஸ் பாஸ் இலவசம். புத்தகம் வாங்கக் காசில்லாதவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமும் உண்டு. மயிலாப்பூர் ராமகிருஷ்ணா மிஷன் மாணவர் இல்லம் 1905-லிருந்து ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படிக்க வைக்கிறது. நடிகர் சூர்யா 2006-ல் தொடங்கிய 'அகரம்' பலரைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறது.

மானேஜர் சார், ஒரு நிமிஷம்!

கல்விக் கடன் 4 லட்சம் வரை என்றால் அடமானம் கேட்கக் கூடாது. "இது எங்க ஏரியா இல்லை, வேற பிராஞ்ச் போங்க" என்று விரட்டவும் கூடாது. ரிசர்வ் வங்கி 2012-லேயே அப்படிச் சொல்லிவிட்டது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பேப்பரைக் கண்டதும் பல பேர் இறங்கி வருவார்கள்.

படிப்புக் காலமும் மேலே ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். வட்டி மட்டும் ஓடிக் கொண்டிருக்கும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து தொழிற்கல்வி படித்தால், அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் மானியம் உண்டு. கடன் வாங்கும்போதே அதைக் கேட்டு எழுதி வாங்கிக் கொள்வது புத்திசாலித்தனம்.

தம்பிக்காகக் கடன் வாங்கி, வருமான வரியில் 80இ பிரிவில் வட்டியைக் கழித்து விடலாம் என்று கணக்குப் போடுகிற அண்ணன்மார்களே, உஷார்! தனக்கு, மனைவிக்கு, பிள்ளைக்கு என்றால்தான் கழிவு. தம்பி, தங்கைக்குக் கிடையாது. அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். கடன் தம்பி பேரில் இருந்து, வேலைக்குப் போய் அவரே கட்டினால் அவருக்குக் கழிவு உண்டு.

சம்பளக்காரர் என்ன செய்யலாம்?

தானதர்மம் எல்லாம் வேண்டாம். சேருகிற மாதத்தில் ஆபீஸில் நாலு பேர் சேர்ந்து ஒரு பையனுக்குக் கைமாற்றுக் கொடுங்கள். ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பி வாங்கிக் கொள்ளுங்கள், வட்டியில்லாமல். வாங்குகிறவனுக்குத் தலை குனிய வேண்டியிருக்காது. கொடுக்கிறவருக்கும் கை கடிக்காது.

அதுவும் முடியாதா? ஒரு கேஷுவல் லீவ் போட்டு அவனோடு பேங்குக்குப் போங்கள். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு நிற்கிற அப்பாவுக்கு வராத பதில், இன்ஷர்ட் பண்ணிய உங்களுக்கு வரும். நியாயமில்லைதான். ஆனாலும் பையனுக்கு லோன் கிடைக்க வேண்டுமே!

இந்த ஞாயிற்றுக்கிழமை டி.வி.யை அரை மணி நேரம் அணைத்துவிட்டு, ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "மார்க் எவ்வளவு வரும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதை ஊரே கேட்கும். "தம்பி, வருமானச் சான்று வாங்கியாச்சா?" என்று கேளுங்கள்.