ஈரம் வாசலோடு நிற்க

சனவரி மாதத்து மாலையொன்றில் பள்ளிக்கூடத்தால் வரும் பிள்ளை வாசலில் என்னென்ன கழற்றுகிறது என்று பாருங்கள். பனிச் சப்பாத்து, ஸ்னோ பான்ற்ஸ், ஜக்கெற், தொப்பி, கழுத்துச் சால்வை, இரண்டு கையுறைகள், முதுகுப்பை. இரண்டு பிள்ளைகள், வேலைக்குப் போகும் தாய் தகப்பன், கூடவே அம்மம்மா என்று ஐந்து பேர் இருக்கும் வீட்டில் இந்தக் குவியல் எவ்வளவு வரும் என்று சொல்லத் தேவையில்லை. அதில் பாதிக்கு மேல் நனைந்தும் இருக்கும். ரொறன்ரோவில் ஆண்டுக்கு ஒரு மீற்றருக்கு மேல் பனி கொட்டுகிறது. அதில் ஒரு பங்கு நம் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்து உருகுகிறது.

இதைத் தாங்குவதற்குத்தான் மட்றூம். வெளிக்கதவுக்கும் வீட்டுக்கும் இடையில் உடுப்பு மாற்ற, சப்பாத்துக் கழற்ற, பைகளை வைக்க ஒதுக்கிய சிறு இடம். அதில் உட்கார ஒரு வாங்கு, கொளுக்கிகள், தட்டுகள் எல்லாவற்றையும் சுவரோடு சேர்த்துக் கட்டிவிட்டால் அது வீட்டின் நிரந்தரப் பகுதியாகிவிடும். ஆகவே கட்டுவதற்கு முன் நிதானமாக யோசிப்பது நல்லது.

நான் பார்த்த பல வீடுகளில் இதை ஓர் அலுமாரி வேலையாக நினைத்தே தொடங்குகிறார்கள். எத்தனை லாச்சி, எத்தனை தட்டு, என்ன நிறம் என்று பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. என் எண்ணம் வேறு. மட்றூம் முதலில் ஈரத்தைத் தடுத்து உலர்த்தும் இடம், அதன் பிறகுதான் பொருள் வைக்கும் இடம். இந்த வரிசையை மாற்றிக் கட்டினால் இரண்டாவது குளிர்காலத்திலேயே பலகை ஊதும், உடுப்பு மணக்கும், பிள்ளைகள் பழையபடி எல்லாவற்றையும் நிலத்தில் போடுவார்கள்.

முதலில் எந்தக் கதவு என்று முடிவு செய்ய வேண்டும். வீட்டின் முன்கதவு அழகாக இருக்கும், ஆனால் வீட்டார் அதைப் பாவிப்பது குறைவு. மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் பக்கத்துப் புதிய வீடுகளில் பெரும்பாலும் கராஜிலிருந்து உள்ளே வரும் கதவுதான் உண்மையான வாசல். ஸ்காபரோவில் 1950களிலும் 60களிலும் கட்டிய பங்களாக்களில் அது பக்கக்கதவு. திறந்தவுடன் சிறு தளம், ஒரு பக்கம் சமையலறைக்கு ஏறும் படி, மறுபக்கம் பேஸ்மென்றுக்கு இறங்கும் படி. கார்ச் சாவியோடும் மரக்கறிப் பையோடும் எந்தக் கதவால் வருகிறீர்களோ அந்தக் கதவடியில்தான் மட்றூம் வேண்டும். வேறு இடத்தில் எவ்வளவு செலவழித்துக் கட்டினாலும் சப்பாத்துகள் அங்கே நடந்து போகா.

அடுத்தது நிலம். கையிருப்பில் பெரும்பங்கை இதற்கே ஒதுக்குங்கள். வீதியில் போடும் உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைட். குளிர் −10 பாகையை அண்டும்போது அது பனியை உருக்கும் வலுவை இழக்கத் தொடங்கும், அதனால் கடுங்குளிரில் கல்சியம் குளோரைட்டையும் சேர்ப்பார்கள். இந்த இரண்டாவது உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. நிலத்தில் படிந்தால் லேசில் காயாது, வழவழப்பாகவே கிடக்கும். மரத்தரையில் இந்த உப்புநீர் நாளாந்தம் தேங்கினால் மேற்பூச்சு மங்கும், பலகை இணைப்புகளுக்குள் இறங்கும், ஓரங்கள் மேலெழும். ஆகவே இந்த இடத்தில் மரத்தரை வேண்டாம்.

போர்சிலின் ரைல்ஸ் நல்ல தெரிவு. ஒரு ரைல் தன் எடையில் 0.5 வீதமோ அதற்குக் குறைவாகவோ நீர் உறிஞ்சினால்தான் அதைப் போர்சிலின் என்று வகைப்படுத்துவார்கள். கடையில் இன்னொரு எண்ணையும் கேளுங்கள்: ஈரத்தில் வழுக்காத தன்மையைக் காட்டும் டிசிஓஎஃப் அளவு. ஈரமாக நடக்கக்கூடிய சமதள உட்தரைக்கு அது குறைந்தது 0.42 இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்கத் தரம். பளபளக்கும் ரைல்ஸ் பல இதில் தவறிவிடும். நிறத்தில் ஒரு சிறு ஆலோசனை: கறுப்பில் உப்புத் தடம் வெள்ளையாகத் தெரியும், வெள்ளையில் சேறு தெரியும். நடுத்தரச் சாம்பலோ மண்நிறமோ இரண்டையும் மறைக்கும். ரைல்களுக்கு இடையே நிரப்பும் கிரவுட் எபொக்சி வகையாக இருந்தால் உப்புநீர் உறிஞ்சாது. உப்புக் கறையைத் துடைக்கத் தண்ணீரில் சிறிது வினாகிரி கலப்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழி. ஆனால் மார்பிள், சுண்ணக்கல் போன்ற இயற்கைக் கல் தரையில் வினாகிரியைக் கொண்டுபோக வேண்டாம், அது கல்லையே அரிக்கும். மட்றூமுக்கு இயற்கைக் கல் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரைல்ஸ் போடுகிறபோதே அதன் கீழ் மின்சூட்டுக் கம்பிவலை விரிக்க வசதியிருந்தால் செய்யுங்கள். சதுர அடிக்கு 12 வாற் அளவில் வேலை செய்யும் வலைகள் பரவலாகக் கிடைக்கின்றன. சிறிய இடம் என்பதால் மின்செலவு அதிகம் இல்லை, சப்பாத்துகள் காலைக்குள் காய்ந்துவிடும். ஒன்ராறியோவில் இத்தகைய மின்வேலையை மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்துத்தான் செய்ய வேண்டும், ஆள் பிடித்துச் செய்விப்பதானால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைத்தான் பிடிக்க வேண்டும். தெரிந்த பொடியன் மலிவாகச் செய்து தருவான் என்று இதில் இறங்காதீர்கள்.

இனி வாங்கு. உட்காரும் உயரம் 18 அங்குலம், ஆழம் 15 முதல் 18 அங்குலம் இருந்தால் பெரியவர்களுக்கு வசதி. வாங்கின் கீழே என்ன வைப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. படங்களில் அங்கே லாச்சிகளோ சதுரப் பெட்டிகளோ இருக்கும். சப்பாத்துக்குப் பெட்டி கட்டாதீர்கள் என்பேன். வாங்கின் கீழ்ப்பகுதியைத் திறந்தே விடுங்கள், ரைல்ஸை நிறுத்தாமல் பின்சுவர் வரை கொண்டுபோங்கள். ஒன்றரை அங்குலப் பலகை போட்ட 18 அங்குல வாங்கின் கீழே பதினாறரை அங்குலம் மிஞ்சும், நீளப் பனிச் சப்பாத்தும் நிமிர்ந்து நிற்கும். கீழே விளிம்புள்ள ரப்பர் தட்டுகளை வைத்தால் உருகிய நீர் அதில் தங்கும், எடுத்து ஊற்றிவிடலாம். தட்டுக்குள் ஒரு கம்பித்தட்டு போட்டுச் சப்பாத்தை நீரிலிருந்து உயர்த்தி வைத்தால் அடியும் காயும். பெட்டிக்குள் நுழைத்த சப்பாத்துக்கு இந்த வசதிகள் ஒன்றும் இல்லை, பெட்டியின் அடிப்பலகையும் முதலில் பழுதாகும்.

பலகை விடயத்தில் ஒப்பந்தக்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள்: எது பிளைவூட், எது எம்டிஎஃப்? எம்டிஎஃப் வழுவழுப்பாக இருக்கும், பெயின்ற் அழகாக ஏறும், விலையும் குறைவு. ஆனால் வெட்டு விளிம்பால் நீர் ஏறினால் ஊதும், ஊதியது திரும்பாது. மேற்பகுதிச் சுவர் அலங்காரத்துக்கு அது போதும். வாங்கு, பக்கப் பலகைகள், நிலத்தைத் தொடும் எதுவானாலும் பிளைவூட்டாக இருக்கட்டும். பக்கப் பலகைகளின் அடி விளிம்பு ரைலைத் தொடாமல் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். சுவரடிப் பட்டிக்கு மரத்துக்குப் பதில் பிவிசியோ அதே ரைலின் துண்டோ வைக்கலாம்.

பிள்ளைகள் ஹாங்கரில் உடுப்புக் கொளுவ மாட்டார்கள். எவ்வளவு கண்டித்தாலும் மாட்டார்கள், களைத்து வரும் பெரியவர்களும் அப்படித்தான். ஆகவே கொளுக்கிகள்தான். பெரியவர்களுக்கு நிலத்திலிருந்து 60 முதல் 66 அங்குலம், பிள்ளைகளுக்கு அவரவர் கை எட்டும்படி 36 முதல் 48 அங்குலம். ஒருவருக்கு இரண்டாவது வேண்டும்: ஒன்றில் ஜக்கெற், மற்றதில் பை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பையும் நடன வகுப்புப் பையும் சேரும் வீட்டில் மூன்று. ஆளுக்கொரு பிரிவாகத் தடுப்பதானால் குளிர்கால ஜக்கெற் நசியாமல் தொங்க 18 அங்குல அகலம் தேவை. ஆறடிச் சுவரில் கணக்குக்கு நான்கு பிரிவு வரும், தடுப்புப் பலகையின் தடிப்பைக் கழித்தால் அதுவும் நெருக்கம்தான். ஐந்தாவது பிரிவைத் திணிப்பதைவிடத் தடுப்பே இல்லாமல் கொளுக்கி வரிசையாக விடுவது நல்லது, காற்றோட்டமும் கிடைக்கும்.

நனைந்த ஜக்கெற் கனமானது. டிரைவோலில் மட்டும் பூட்டிய கொளுக்கி ஒருநாள் சுவரோடு பெயர்ந்து வரும். இங்கத்தைய உட்சுவர்களில் மரக்கால்கள் வழக்கமாக 16 அங்குல இடைவெளியில் நிற்கின்றன. கொளுக்கிப் பலகையை அந்தக் கால்களில் திருகாணி போட்டு இறுக்க வேண்டும். சுவர் திறந்திருக்கும் வேலையென்றால் கொளுக்கி வரும் உயரம் முழுவதும் முக்கால் அங்குலப் பிளைவூட்டைக் கால்களில் அறைந்துவிட்டு மேலே மூடலாம். பின்னர் எங்கே வேண்டுமானாலும் பூட்டலாம்.

கதவு வைத்த அலுமாரி வேண்டும் என்று சிலர் விரும்புவார்கள், விருந்தினர் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியுமே என்று. அந்த ஆசை எனக்கும் விளங்குகிறது. ஆனால் வெளிச்சுவரோடோ கராஜ் சுவரோடோ ஒட்டிய அலுமாரியை நினைத்துப் பாருங்கள். அந்தச் சுவரின் முகம் வீட்டின் மற்றச் சுவர்களைவிடக் குளிர்ந்திருக்கும். அதன் மேல் ஈரமான உடுப்புகளைத் தொங்கவிட்டுக் கதவையும் மூடினால், உடுப்பிலிருந்து எழும் ஈரம் குளிர்ந்த சுவரில் நீராகப் படியும். சில கிழமைகளில் மூலையில் பூஞ்சணம் கறுப்பாகத் தெரியும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இது சின்ன விடயம் அல்ல. கதவு வேண்டுமென்றால் மேலும் கீழும் காற்றுப் புகும் சலாகைக் கதவாக வைக்கலாம், அல்லது உலர்ந்த பொருள்கள் இருக்கும் மேல் தட்டுக்கு மட்டும் கதவு வைக்கலாம். வெளிச்சுவரில் ஆழத் துளைப்பதும் கூடாது, உள்ளே இருக்கும் ஈரத்தடைத் தாள் கிழியும். அந்த இடத்தில் வெப்பக்காற்று வரும் நிலத்துளை இருந்தால் அதை வாங்கின் கீழ் மூடிப் புதைக்காதீர்கள். குழாயை நீட்டி வாங்கின் முன்பக்கத்தால் காற்றை வெளிவரச் செய்தால் சப்பாத்துக்கு அதுவே உலர்த்தி.

கராஜ் கதவைப் பற்றிச் சட்டமே பேசுகிறது. ஒன்ராறியோக் கட்டட விதிகளின்படி கராஜுக்கும் வீட்டுக்கும் இடையிலான கதவு இறுக்கமாக, ஓரங்களில் அடைப்புப் பட்டியோடு, தானாக மூடிக்கொள்ளும் பொறியோடு இருக்க வேண்டும். காரின் புகையும் அதிலுள்ள கார்பன் மொனொக்சைட்டும் வீட்டுக்குள் வராதிருக்கத்தான் இந்த விதி. சாமான் இறக்கும்போது கதவு வந்து முதுகில் இடிக்கிறது என்று அந்தப் பொறியைக் கழற்றிவிடும் வீடுகள் உண்டு. தயவுசெய்து கழற்றாதீர்கள். கதவு முழுதாகத் திறந்து மூட இடம் விட்டே வாங்கைத் திட்டமிடுங்கள். வீட்டுக்குள் நடைவழியின் அகலம் பொதுவாக 860 மில்லிமீற்றருக்கு, அதாவது ஏறத்தாழ 34 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஒருவர் வாங்கில் குனிந்திருக்க மற்றவர் கடந்து போவதானால் 42 அங்குலம் இருந்தால் நிம்மதி.

பேஸ்மென்றில் வாடகைக்கு ஆள் இருக்கும் பங்களாக்களில் அந்தப் பக்கக்கதவுதான் அவர்கள் வெளியேறும் வழி. தீப்பிடித்தால் அவர்களும் பிள்ளைகளும் அந்தப் படியால்தான் ஓடி வர வேண்டும். அங்கே வாங்கு கட்டி வழியை ஒடுக்கலாமா என்று நகரசபைக் கட்டடப் பிரிவிடம் கேட்ட பிறகே கை வையுங்கள். சுவரில் கொளுக்கி வரிசையும் மடித்துவைக்கும் இருக்கையும் போட்டாலே அநேகமாகப் போதும்.

அம்மம்மா, அப்பப்பா இருக்கும் வீட்டில் வாங்கின் ஓர் அந்தத்தில் கைபிடி வையுங்கள். சேலையோடு, தடித்த மேசோடு, குளிர்ந்த கையோடு சப்பாத்துச் சிப்பை இழுத்துவிட்டு எழும்புவதற்கு ஒரு பிடி தேவை. நீளக் கைப்பிடியுள்ள சப்பாத்துக் கரண்டி ஒன்று பக்கத்துக் கொளுக்கியில் தொங்கட்டும். ஆள் அசைவுக்கு எரியும் விளக்கு போடுங்கள், இருட்டில் ஈரத் தரையில் சுவிச்சைத் தடவ வேண்டியிராது.

இன்னொன்று நமக்கே உரியது. பிறந்தநாளோ அந்தியேட்டியோ வந்தால் ஒரே மாலையில் முப்பது நாற்பது சோடி சப்பாத்து வாசலில் சேரும். அதற்காகக் கட்டிவைக்கத் தேவையில்லை, எந்த வீட்டிலும் அவ்வளவு இடம் இராது. மட்றூமின் ஒரு சுவரை வெறுமையாக விட்டால் போதும். அடுக்கக்கூடிய மலிவான சப்பாத்துத் தட்டுகளைப் பேஸ்மென்றில் வைத்திருந்து அன்றைக்குக் கொண்டுவந்து அடுக்கலாம்.

வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் மின்கம்பியும் சுவருக்குள் பிளைவூட்டும். பிறகு ரைல்ஸ், சுவர் வரை முழுதாக. அதன் மேல் மரவேலை, பிறகு துடைக்கக்கூடிய அரைப்பளபளப்புப் பெயின்ற். கொளுக்கிகளைக் கடைசிக்கு விடுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் சப்பாத்தும் ஜக்கெற்றும் போட்டபடி சுவரருகில் நிறுத்தி, கையை உயர்த்தச் சொல்லி, எட்டும் உயரத்தில் பென்சிலால் குறித்துப் பூட்டுங்கள். இரண்டு வருடத்தில் பிள்ளை வளர்ந்ததும் கழற்றி நாலு அங்குலம் மேலே பூட்டலாம். உள்ளே பிளைவூட் இருப்பதால் சுவரை உடைக்க வேண்டியதில்லை.