பாடுபவர் மட்டும் வந்தால் போதுமா?

ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் பாடுபவர் மட்டும் போனால் போதுமா, அவரோடு ஊர் ஊராய்ப் போய் வாசித்தவர்களும் போக வேண்டுமா? பண்டார் தெங்காராவில் ஏழு இளைஞர்கள் இரண்டு மாதமாக இந்தக் கேள்வியைத்தான் சுமந்துகொண்டு திரிந்தார்கள்.

அந்த ஏழு பேரும் ஓர் உறுமி மேளக் குழு. உறுமி வாசிப்பவன் என் சித்தப்பா மகன். நான் குழுவில் இல்லை; சிங்கியைக் கையில் கொடுத்தால்கூட இரண்டாவது சுற்றில் தாளத்தை விட்டுவிடுவேன். பல்கலைக்கழக விடுமுறையில் ஊருக்கு வரும்போது அவர்களுடைய வேனில் இடமிருந்தால் ஏறிக்கொள்வதோடு சரி. திருவிழாக் காலம் வந்துவிட்டால் கூலாய், கோத்தா திங்கி, குளுவாங் என்று தோட்டத்துக் கோயில்களுக்கு அலைந்துகொண்டே இருப்பார்கள். மாலையில் தொடங்கும் வாசிப்பு நள்ளிரவைத் தாண்டும். திரும்பும் வழியெல்லாம் இருபுறமும் செம்பனை மரங்கள்தான். வேனில் பேச்சே இருக்காது, அவ்வளவு களைப்பு.

மூன்று ஆண்டுகளாகக் கிடைத்த பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, ஆறு பாடல்கள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட நினைத்தார்கள். விசாரித்த ஓர் இடத்தில் கிடைத்த பதில் இது: "பாடுறவரை மட்டும் அனுப்புங்க தம்பி. உறுமி, பம்பை எல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்கு." சொன்னவர் ஏமாற்றவில்லை. அப்படிச் செய்தால் செலவு பாதியாகக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் இந்த ஆண்டு முடிவதற்குள் ஒருவன் பாலிடெக்னிக் போகிறான். இரண்டு பேருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. ஏழு பேரும் ஒன்றாக வாசிக்கும் கடைசித் திருவிழாக் காலமாக இது இருக்கலாம். பாடகரின் குரலும் கணினியின் உறுமியும் சேர்ந்து ஒரு தொகுப்பு வந்தால், அதில் மற்ற ஆறு பேர் எங்கே இருப்பார்கள்?

இதே சண்டை ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் நடந்து, ஒரு பெரிய இசைத்தட்டில் போய் முடிந்திருக்கிறது. தம்பிகளிடம் சொன்ன அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 'கன்ட்ரி' என்றொரு இசை வகை உண்டு. நாட்டுப்புறத்து மக்களின் பாட்டு. பண்ணை வேலை, லாரி ஓட்டம், பிரிவு, குடி, கடவுள் என்று பாடுபொருளைக் கேட்டால் நம் தோட்டப்புறப் பாடல்களின் ஒன்றுவிட்ட உறவு போலத் தோன்றும். அதன் தலைநகரம் டென்னசி மாநிலத்திலுள்ள நேஷ்வில். 1950களின் கடைசியிலும் 60களிலும் அங்கே பாட்டு ஒரு தொழிற்சாலைப் பொருளைப் போலத் தயாரானது. ஊர் ஊராகப் போய்ப் பாட ஒரு குழு. இசைத்தட்டுக்கு வாசிக்க வேறொரு குழு. இரண்டாவது குழுவில் இருந்தவர்கள் ஒலிப்பதிவுக்கூடத்தில் மட்டுமே வாசிக்கும் கலைஞர்கள். 'ஏ டீம்' என்று அவர்களைச் சொல்வார்கள். எண்ணிக்கையில் கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்த நகரிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான பாடல்களில் கேட்பது அதே விரல்கள். மூன்று மணி நேரம் ஒரு வேளை. அதற்குள் மூன்று அல்லது நான்கு பாடல்களை முடித்துவிடுவார்கள்.

எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். அவர்கள் இசைக்குறிப்புகளை நீட்டி எழுதுவதில்லை. ஸ்வர வரிசையில் முதல் ஸ்வரத்தில் பிறக்கும் கார்டுக்கு 1, நான்காவதில் பிறப்பதற்கு 4, ஐந்தாவதற்கு 5 என்று ஒரு துண்டுத்தாளில் எண்களை மட்டும் எழுதிக்கொள்வார்கள். பாடகரின் குரலுக்குச் சுருதி உயரமாக இருக்கிறதா? சுருதியை இறக்கிவிட்டு அதே எண்களை வாசிக்க வேண்டியதுதான்; தாளில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். இந்த எண் முறையை 1950களின் பிற்பகுதியில் உருவாக்கியவர், 'ஜோர்டனேர்ஸ்' குழுவில் பாடிய நீல் மேத்யூஸ். இன்றும் நேஷ்வில்லில் இதுதான் புழக்கத்தில் இருக்கிறது. கித்தார் பழகும் மாணவர்கள் ஒரு வாரம் முயன்று பாருங்கள்.

இந்த ஏற்பாட்டைக் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். 1961இல் பேட்ஸி கிளைன் 'கிரேஸி' என்ற பாடலைப் பதிவு செய்தார். கார் விபத்தில் அடிபட்டு உடம்பு தேறாத நேரம். உயர்ந்த ஸ்வரங்களைப் பிடிக்க முடியவில்லை. வாத்தியக்காரர்கள் தங்கள் பகுதியை வாசித்துப் பதிந்துவிட்டார்கள். அவர் பின்னொரு நாள் வந்து அதன்மேல் பாடினார். நேஷ்வில் முறையின் மிகச் சிறந்த பாடல்களில் அது ஒன்று. வேடிக்கை என்னவென்றால், அதை எழுதியவர்தான் பின்னாளில் அந்த முறையை விட்டு வெளியேறினார். அவர் பெயர் வில்லி நெல்சன்.

நெல்சன் 1933இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆபட் என்ற சிற்றூரில் பிறந்தவர். மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்த பாடல்கள் வெற்றி பெற்றன. தானே பாடியவை பெரிதாக எடுபடவில்லை. ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் இருந்த ஆண்டுகளில் அவர் பாடல்களுக்குப் பின்னால் வயலின் கூட்டமும் கோரஸும் சேர்க்கப்பட்டன. அவரோ தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாகப் பாடுகிறவர். வரியை இழுப்பார், திடீரென்று முடித்துவிடுவார். அவரோடு பல நூறு இரவுகள் வாசித்தவர்களுக்கு அவர் எங்கே இறங்குவார் என்று தெரியும். அன்று காலையில்தான் கைகுலுக்கிய ஒருவருக்கு, அவர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும், அது தெரிய வழியில்லை.

1970களின் தொடக்கத்தில் நெல்சன் நேஷ்வில்லை விட்டு டெக்சாஸுக்கே திரும்பி, ஆஸ்டின் நகரில் குடியேறினார். கொலம்பியா நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டபோது, தன் இசைத்தட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்வதாக எழுதி வாங்கிக்கொண்டார். (இதைத் தம்பிகளிடம் இரண்டு முறை சொன்னேன். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் கலைஞர்கள் நம்மிடையே ஏராளம்.) 1975 ஜனவரியில் டல்லாஸ் அருகிலுள்ள கார்லண்ட் ஊரில், ஆட்டம் சவுண்ட் என்ற ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அவர் தன் பயணக் குழுவையே அழைத்துப் போனார். பியானோவுக்கு அக்காள் பாபி நெல்சன். டிரம்ஸுக்கு பால் இங்லிஷ். 1966இலிருந்து கூடவே இருப்பவர். பேஸ் கித்தாருக்கு பீ ஸ்பியர்ஸ், ஹார்மோனிகாவுக்கு மிக்கி ராஃபெல், கித்தாருக்கு ஜோடி பெய்ன். நெல்சனின் கையில் அவருடைய பழைய நைலான் தந்திக் கித்தார். 'டிரிகர்' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார். விரல் பட்டுப் பட்டு அதன் பலகையில் ஓட்டையே விழுந்துவிட்டது.

அவர்கள் பதிந்தது ஒரு கதை. மனைவியைக் கொன்றுவிட்டு ஊர் ஊராய் அலையும் ஒரு போதகரின் கதை; பெயர் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்', அதாவது செம்பட்டைத் தலை அந்நியன். சில நாள்களில் பதிவு முடிந்தது. ஏறக்குறைய 4,000 டாலர்தான் செலவானது என்பார்கள். மொத்தம் 33 நிமிட நேரம். அதில் பல இடங்களில் ஒரு கித்தாரும் குரலும் மட்டுமே. டிரம்ஸ்காரர் அங்கேதான் இருக்கிறார், ஆனால் அடிக்கவில்லை. பியானோ ஒரு வரிக்கு வந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. நான் முதல் தடவை கேட்டபோது இதைத்தான் கவனித்தேன். வாசிக்கக் கூலி வாங்கி வந்த ஆள் வாசிக்காமல் இருக்கத் தயங்குவார். நாள்தோறும் ஒன்றாக வாசிப்பவருக்கு அந்தத் தயக்கம் இல்லை.

கொலம்பியா நிறுவனத்தார் கேட்டுவிட்டு, இது வெறும் மாதிரிப் பதிவு, இனிமேல்தான் மெருகேற்ற வேண்டும் என்று நினைத்தார்கள். ஒப்பந்தம் நெல்சன் பக்கம் இருந்ததால் இருந்தது இருந்தபடியே 1975 மே மாதம் வெளிவந்தது. அதிலிருந்த 'புளூ ஐஸ் கிரையிங் இன் தி ரெயின்', ஃபிரெட் ரோஸ் எழுதிய 1940களின் பாட்டு, அந்த ஆண்டே கன்ட்ரி வரிசையில் முதலிடத்துக்குப் போனது. ஒரு பாடகராக நெல்சன் முதலிடம் பிடித்தது அதுவே முதல் முறை. அப்போது அவருக்கு வயது 42.

அவர் மட்டுமல்ல. நண்பர் வேலன் ஜென்னிங்ஸ் அதே ஆண்டுகளில் இதே உரிமைக்காக ஆர்.சி.ஏ.வுடன் மல்லுக்கு நின்று, தன் குழுவான 'வேலர்ஸ்' கலைஞர்களைக் கூடத்துக்குள் கொண்டுவந்தார். ஜானி கேஷ் 1968 ஜனவரி 13ஆம் நாள் ஃபோல்சம் சிறைக்குள்ளேயே தன் குழுவோடு கைதிகள் முன் வாசித்துப் பதிந்தார்.

நம் நாட்டுக்கு வந்தால், பினாங்கின் 'அலிகேட்ஸ்' நினைவுக்கு வருகிறது. லோகநாதன், டேவிட் ஆறுமுகம் என்ற இரு தமிழ்ச் சகோதரர்களின் குழு. மலாய்ப் பாடல்களால் நாடு முழுக்க அறியப்பட்டவர்கள். 1970களின் கடைசியில் அவர்களின் மலாய் இசைத்தட்டு வருவதற்கு முன்பே, இங்கும் ஹாங்காங்கிலும் இரவு விடுதிகளில் ஆண்டுக்கணக்கில் வாசித்திருந்தார்கள். லோகா 2007இல் மறைந்தார். உங்கள் வீட்டில் அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள். ஒரு பாட்டையாவது பாடிக் காட்டுவார்.

சரி, ஏழு பேரும் ஒரே அறையில் நின்று வாசித்தால் என்ன கஷ்டம்? இருக்கிறது. உறுமியின் ஒரு பக்கத்தோலை வளைந்த குச்சியால் உரசுகிறார்கள், மறுபக்கத்தை அடிக்கிறார்கள். அந்த உரசல் ஒலி பாடகரின் மைக்கிலும் நுழைந்துவிடும். பாடகர் ஓரிடத்தில் பிசகினால் அவர் குரலை மட்டும் தனியே எடுத்து மாற்ற முடியாது. எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். தனித்தனியாகப் பதிந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அப்போது காதில் கணினியின் 'டிக் டிக்' சத்தம் ஓட, அதற்கேற்பத்தான் வாசிக்க வேண்டும். கோயிலில் ஒருவருக்கு அருள் வந்ததும் பம்பைக்காரர் கண்ணைக் காட்ட, ஏழு பேரும் ஒன்றாக வேகம் பிடிப்பார்கள் பாருங்கள், அந்த வேகம் கணினிக்குத் தெரியாது. இன்னொரு சின்னச் சிக்கல்: தோல் தப்பை நெருப்பில் காட்டித்தான் இறுக்குவார்கள். குளிர்சாதன அறையில் யார் நெருப்பு மூட்ட விடுவார்கள்? வாசலில் காய்ச்சிக்கொண்டு உள்ளே ஓட வேண்டியதுதான்.

என் கருத்தையும் கேட்டார்கள். மெல்லிசைப் பாடலாக இருந்தால் கணினியே போதும், கூச்சப்பட வேண்டாம் என்றேன். ஆனால் இவர்களிடம் விற்க வேறு எதுவும் இல்லை. குரல் சுமார்தான் (பாடும் தம்பி இதைப் படித்தாலும் பரவாயில்லை, அவனிடமே சொல்லியிருக்கிறேன்). ஏழு பேரும் சேரும்போது வருகிற அந்த முடுக்கம்தான் இவர்களுடைய சொத்து. கடைசியில் அவர்களே ஒரு கணக்குப் போட்டார்கள். ஆறு பாடல்களுக்குப் பதில் மூன்று. ஏழு பேரும் ஒரே நாள். அதற்கு முன் மூன்று வாரம் தினமும் இரவு பயிற்சி. செலவு ஏறக்குறைய அதேதான் வருகிறது. சிங்கப்பூர் போகிறவன் முதலாளியிடம் ஒரு வாரம் தவணை கேட்டிருக்கிறான்.

கார்லண்ட் ஊரில் அந்த அறையில் வாசித்தவர்களில் பீ ஸ்பியர்ஸ் 2011இலும் ஜோடி பெய்ன் 2013இலும் இறந்தார்கள். பால் இங்லிஷ் 2020இல் போனார், அக்காள் பாபி 2022இல். நெல்சன் தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் பேருந்தில் ஏறி ஊர் ஊராகப் போய்ப் பாடினார். பக்கத்தில் ஹார்மோனிகாவோடு அதே மிக்கி ராஃபெல். மற்ற நால்வரும் எங்கே வாசித்தார்கள், எங்கே வாசிக்காமல் நிறுத்தினார்கள் என்பது அந்த 33 நிமிடத்தில் அப்படியே இருக்கிறது.